பேக் கவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அணுகுதல்: எந்தச் சிக்கலுக்கு எது வழி

வடசென்னையில் உள்ள தண்டையார்பேட்டையில் கைபேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். திரை உடைந்து வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக எங்களிடம் அதிகம் வருகிறவர்கள், நல்ல விலை கொடுத்து வாங்கிய பேக் கவர் சில மாதங்களில் கெட்டுப்போய், அதைத் தயாரித்த நிறுவனத்தை எப்படி அணுகுவது என்று தெரியாமல் நிற்பவர்கள்தான். நூறு ரூபாய் கவருக்கு யாரும் இந்தப் பாடு படுவதில்லை. ஆனால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து, ஓராண்டு வாரண்டி என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கிய கவர் நான்காம் மாதமே மூலையில் பிளந்துவிட்டால், அதற்கு ஒரு பதில் வேண்டும் என்று கேட்பது முழு நியாயம்.

இத்தகைய புகார்கள் தோற்பதற்கு நான் கண்ட காரணங்கள் இரண்டு. புகார் தவறான இடத்துக்குப் போய்விடுகிறது. சரியான இடத்துக்குப் போனாலும், அங்கே இருப்பவர் முடிவெடுக்கத் தேவையான விவரம் அதில் இருப்பதில்லை. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், விற்றவர், இணைய விற்பனைத் தளம், கூரியர் என்று ஒரு கவர் நான்கு கை மாறித்தான் நம்மிடம் வருகிறது. எந்தக் குறைக்கு எந்தக் கை பொறுப்பு என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பேசத் தொடங்க வேண்டும். கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் சிக்கல் எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்தச் சிக்கலானாலும் முதலில் செய்ய வேண்டியது

கவரை இன்னும் தூக்கி எறியவில்லை என்றால், எறியாதீர்கள். கழுவவும் வேண்டாம், பெவிக்விக் போட்டு ஒட்டவும் வேண்டாம். ஒட்டிய கவரைப் பார்த்ததும் "வாடிக்கையாளர் தாமே மாற்றம் செய்துள்ளார்" என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார்கள்.

அடுத்து, படங்கள். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் கவரைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் அனுப்பும் படம்தான் அவருக்குக் கவர். எங்கள் கடையில் நாங்கள் எடுக்கும் முறை இது. பழைய கறுப்பு டி-சர்ட்டை மேசையில் விரித்து, அதன் மேல் கவரை வைத்து, பிளவுக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலை வைப்போம். பிறகு ஃபிளாஷை அணைத்துவிட்டுக் காலை வெளிச்சத்தில் வாசலருகே படம் எடுப்போம். ஒளி ஊடுருவும் கவரில் ஃபிளாஷ் பட்டால் பிளவு இருக்கும் இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னி மறைந்துவிடும். கறுப்புத் துணியின் மேல் சாய்வான வெளிச்சத்தில் அதே பிளவு மயிரிழையாகத் தெளிவாகத் தெரியும். முழுக் கவரின் படம் ஒன்று, பழுதின் நெருக்கமான படம் இரண்டு, கவரைக் கைபேசியில் மாட்டிய நிலையில் ஒன்று, பெட்டியின் லேபிள் ஒன்று, பில் ஒன்று என ஆறு படங்கள் போதும்.

கடைசியாக, கைபேசியின் மாடல் எண். வாயில் சொல்லும் பெயர் போதாது. அமைப்புகளில் "போனைப் பற்றி" என்ற இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து இருப்பதைத்தான் எழுத வேண்டும். கைபேசி ஒவ்வொன்றுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கவர் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய தேவை இல்லை. கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

சிக்கல்: தொடர்புகொள்ள எண்ணே கிடைக்கவில்லை

எண்ணைத் தேடும் இடம் இணையத் தேடுபொறி அல்ல, பெட்டி. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, சில்லறையில் விற்கப்படும் பொட்டலத்தின் மேல் தயாரித்தவர், பொட்டலமிட்டவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலையும், புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் பெட்டியின் பின்புறத்தில், பார்கோடுக்குப் பக்கத்தில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் இருக்கும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பிடித்தால் படித்துவிடலாம்.

பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது என்பவர்கள், ஆன்லைனில் வாங்கியிருந்தால், ஆர்டர் பக்கத்திலிருந்து அந்தப் பொருளின் பக்கத்துக்குப் போய், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் விவரம் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். கடையில் வாங்கியிருந்தால் அதே கடைக்குப் போய், அதே நிறுவனத்தின் வேறொரு பெட்டியைக் காட்டச் சொல்லி லேபிளைப் படமெடுத்துக்கொள்ளலாம். எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை.

தேடுபொறியில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி முதலில் வரும் எண்ணை அழைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் ஒருநாள் மதியம், ஏலம் முடிந்து கூடையோடு நேராகக் கடைக்கு வந்தார். கைபேசி காதில் இருந்தது. "தம்பி, கவர் கம்பெனில இருந்துதான் பேசுறாங்க. பணத்தைத் திருப்பித் தர ஒரு ஆப் போடணுமாம், எனக்கு வரல, நீயே போட்டுக் குடு" என்றார். மறுமுனையில் இருந்தவர் போடச் சொன்னது, கைபேசியின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் செயலி. இணைப்பைத் துண்டித்துவிட்டு, எண் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவர் மகன் தேடிக் கொடுத்த எண் அது. பெட்டியில் இருந்த எண் வேறு. எழுநூறு ரூபாய் கவருக்காக அன்று அவர் கணக்கில் இருந்த மொத்தப் பணமும் போயிருக்கும்.

எந்தக் கவர் நிறுவனமும் பணத்தைத் திருப்பித் தர யு.பி.ஐ. பின் எண்ணைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை, கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. இரண்டும் பணம் அனுப்புவதற்கு உரியவை. ஓ.டி.பி.யும் அப்படியே, யாரிடமும் சொல்லக்கூடாதது. ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் வீட்டுக்கு வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

சிக்கல்: அழைத்தால் இசை மட்டும் கேட்கிறது, யாரும் எடுப்பதில்லை

திங்கட்கிழமையும் பண்டிகைத் தள்ளுபடி முடிந்த வாரமும் வேண்டாம். மற்ற நாட்களில் அலுவலகம் திறந்த முதல் அரை மணி நேரத்தில் முயன்று பாருங்கள். மூன்று முறை முயன்றும் கிடைக்கவில்லை என்றால், அழைப்புப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மின்னஞ்சலுக்கு மாறிவிடுங்கள். பேசியது காற்றோடு போய்விடும், எழுதியது நிற்கும். பேச வாய்த்தாலும், பேசி முடித்த உடனே "இன்று இத்தனை மணிக்குப் பேசியபோது இவ்வாறு சொன்னீர்கள்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது.

சிக்கல்: "உங்கள் புகார் பெறப்பட்டது" என்ற தானியங்கிப் பதிலுக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை

முதலில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கும் இல்லை என்றால், தானியங்கிப் பதிலில் வந்த புகார் எண்ணைக் கண்டுபிடித்து, அதே மின்னஞ்சல் தொடரிலேயே பதில் எழுதுங்கள். பதற்றத்தில் பலரும் செய்யும் தவறு, நாள்தோறும் புதிய மின்னஞ்சல் அனுப்புவது. ஒவ்வொரு புதிய மின்னஞ்சலும் புதிய புகார் எண்ணாகப் பதிவாகி, ஒரே ஆளின் ஐந்து புகார்கள் ஐந்து வெவ்வேறு ஊழியர்களிடம் போய், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும் நிலை வந்துவிடுகிறது.

படங்களின் அளவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜிமெயிலில் ஒரு மின்னஞ்சலோடு 25 எம்.பி. வரைதான் இணைக்க முடியும். அதைத் தாண்டினால் படம் டிரைவ் இணைப்பாக மாறிவிடும். அந்த இணைப்பைத் திறக்க எதிர்முனையில் அனுமதி இல்லாமல் போகலாம். படங்களைச் சிறிதாக்கி நேரடியாகவே இணையுங்கள்.

எழுதும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறேன். வெளிமாநில நிறுவனமாக இருந்தால், இதையே எளிய ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பலாம். தமிழ் மூலத்தையும் கீழே சேர்த்துவிடுங்கள். தமிழில் எழுதியதால் ஒரு புகார் செல்லாமல் போய்விடாது.

"வணக்கம். 2025 மார்ச் 10 அன்று உங்கள் நிறுவனத்தின் பேக் கவரை வாங்கினேன். பில் எண், கைபேசியின் மாடல் எண், பெட்டியில் உள்ள தயாரிப்பு மாதம் ஆகியவை கீழே உள்ளன. ஜூலை முதல் வாரத்தில், கீழே விழாத நிலையிலேயே, சார்ஜர் துளையின் இடது ஓரத்திலிருந்து 14 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கவர் பிளந்துள்ளது. பெட்டியில் ஓராண்டு வாரண்டி என்று குறிப்பிட்டுள்ளீர்கள். ஆகவே மாற்றுக் கவர் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே கவர் இருப்பில் இல்லை என்றால் முழுத் தொகையையும் திருப்பித் தரவும். ஆறு படங்களை இணைத்துள்ளேன். உங்கள் பதிலை ஏழு நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன்."

இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. என்ன வாங்கினேன், எப்போது, என்ன ஆனது, என்ன வேண்டும், எதற்குள் வேண்டும் என்ற ஐந்தும் இருக்கின்றன. "தரமற்ற பொருள், ஏமாற்று நிறுவனம்" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாடல் எண்ணை எழுத மறந்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு ஒரு பதில் வந்து, அதற்கு நாம் பதில் எழுதி, ஒரு வாரம் போய்விடுகிறது.

இணையத்தில் வாங்கியிருந்தால் இன்னொரு பிடியும் உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, விற்பனைத் தளம் ஒவ்வொன்றும் ஒரு குறைதீர்க்கும் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தளத்தின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த முகவரிக்கு, பழைய புகார் எண்ணையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

சிக்கல்: நிறுவனம் "விற்றவரிடம் கேளுங்கள்" என்கிறது, விற்றவர் "நிறுவனத்திடம் கேளுங்கள்" என்கிறார்

இந்தப் பந்தாட்டத்தை நிறுத்த, குறை எப்போது உண்டானது என்று பாருங்கள். பெட்டியைத் திறந்தபோதே இருந்த குறை, அதாவது வேறு நிறம், வேறு மாடல், வரும்போதே கீறல், விளம்பரத்தில் சொன்ன காந்த வளையம் இல்லை என்பன போன்றவை, விற்றவரின் பொறுப்பு. மேலே சொன்ன மின் வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, வாரண்டிக் காலத்துக்குள் பொருளின் தன்மையால் உண்டான குறையை, வாரண்டி அட்டை தந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

நேரில் கடையில் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். எம்.சி. ரோட்டிலும் பர்மா பஜாரிலும் கவரை எடுத்து நம் கைபேசியில் மாட்டிப் பார்த்தே வாங்க முடிகிறது. அந்த வசதி ஆன்லைனில் இல்லை. ஆனால் பில் கேட்டு வாங்குகிற பழக்கம் நம்மிடம் குறைவு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பழுதான பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. "விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படாது" என்று கல்லாவுக்கு மேலே எழுதி மாட்டியிருப்பதால் மட்டும் பழுதான பொருளுக்கான பொறுப்பு தீர்ந்துவிடாது. பில் இல்லையென்றாலும், யு.பி.ஐ.யில் பணம் செலுத்திய பதிவில் கடைப் பெயரும் தேதியும் தொகையும் இருந்தால், அதையும் காட்டலாம்.

சிக்கல்: கவர் கைபேசியில் சரியாக உட்காரவில்லை

இதில் தவறு பெரும்பாலும் பெயர்க் குழப்பம்தான். ஒரே பெயரில் 4ஜி, 5ஜி, புரோ, பிளஸ் என்று வரும் கைபேசிகளில் கேமரா இருக்கும் இடமும் அளவும் மாறும். ஐபோன் 12-க்கும் 12 புரோவுக்கும் ஒரே கவர் சரியாக இருக்கும். ஆனால் 13-இன் கவரை 14-இல் மாட்டினால் கேமராப் பகுதி சற்றே இடிக்கும். நீங்கள் வாங்கிய பெட்டியில் உள்ள மாடலும் கைபேசியின் மாடலும் ஒன்றாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், கவரை மாட்டி, பொத்தான் பக்கமும் கேமராப் பக்கமும் இடைவெளி தெரியும்படி படமெடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். கவரின் விளிம்பு கிளாஸைத் தூக்குவதும் ஒரு பொருத்தக் குறைதான், ஆனால் கிளாஸ் வேறு நிறுவனத்துடையது என்றால் பதில் மாறும்.

சிக்கல்: "இது வாரண்டியில் வராது" என்று பதில் வந்துவிட்டது

இங்கேதான் நிதானம் தேவை. சில மறுப்புகள் சரியானவை, சில சரியல்ல. எது எது என்று அறிய, கவர் எதனால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒளி ஊடுருவும் மென்மையான கவர்கள் பெரும்பாலும் டி.பி.யு. என்ற நெகிழிப் பொருளால் ஆனவை. வெயிலின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் படப்பட அதன் வேதிப் பிணைப்புகள் மாறி மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சள் அழுக்கு அல்ல, ஆகவே சோப்போ பற்பசையோ போட்டுத் தேய்த்தாலும் போகாது. வண்டியின் கைப்பிடியில் கைபேசியை மாட்டிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் டெலிவரிக்குப் போகிற தம்பிகளின் கவர், மேசையில் கிடக்கும் கவரைவிட வெகு சீக்கிரம் மஞ்சளாகும். வாரண்டி விதிகளில் நிறமாற்றம் விலக்கப்பட்டிருந்தால் அந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெட்டியிலோ விளம்பரத்திலோ "மஞ்சளாகாது" என்று எழுதியிருந்தால் கதை வேறு. அந்த வரியைப் படமெடுத்து அனுப்பி, வாக்குறுதி கொடுத்த தன்மை பொருளில் இல்லை என்று சொல்லிக் கேளுங்கள். இந்த ஒரு வரியை வைத்து மாற்றுக் கவர் வாங்கிக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

கெட்டியான கவர்களில் இருப்பது பாலிகார்பனேட். இது மஞ்சளாவது குறைவு, பிளப்பது அதிகம். "கீழே போட்டிருப்பீர்கள்" என்பதுதான் இதற்கு வழக்கமான பதில். விழுந்து உடைந்த மூலையில் தேய்மானமும் நசுங்கிய வெண்மையும் இருக்கும். கேமராத் துளை, பொத்தான் துளை, சார்ஜர் துளை ஆகியவற்றின் ஓரத்திலிருந்து, மேலே எந்தக் கீறலும் இல்லாமல், ஒரே கோடாகப் பிளந்திருந்தால் அது வேறு வகை. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும்போது துளையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபக்கம் மீண்டும் சேர்கிறது. சேரும் இடம் மற்ற இடங்களைவிட வலுக் குறைந்ததாக இருக்கும். அங்கே தானாகப் பிளந்தது தயாரிப்பின் குறை என்று வாதிட உங்களுக்கு இடம் உண்டு. அதனால், இப்படி மறுப்பு வந்தால், முன்பு சொன்ன ஆறு படங்களோடு, மூலைகள் நான்கும் அடிபடாமல் இருப்பதையும் தனிப் படமாக எடுத்து அனுப்புங்கள். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சோதித்துக்கொள்ளுங்கள்: சானிடைசர், பெட்ரோல், சென்ட் ஆகியவை பட்டாலும் பாலிகார்பனேட் விரிசல் விடும். அப்படித் துடைத்திருந்தால் அதை மறைத்து எழுத வேண்டாம்.

ஃபிளிப் கவரின் "லெதர்" உரிந்து கொட்டுவது நம் பகுதியில் மிகவும் அதிகம். அது பெரும்பாலும் தோல் அல்ல, துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தானாகச் சிதையும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் இரண்டுக்கும் குறைவில்லை. உப்புக் காற்றில் கிளிப்பும் காந்தமும் துருப்பிடிப்பதும் இதே வகை. இது கவரின் வயதைப் பொறுத்தது. ஆறு மாதத்துக்குள் உரிந்தால் தயங்காமல் கேளுங்கள். வாரண்டி முடியும் தறுவாயில் உரிந்தால், பாதித் தொகைக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்பார்கள், அதை ஏற்பது உங்கள் விருப்பம். "அசல் தோல்" என்று எழுதி விற்றது உரிந்தால் கூப்பனை ஏற்காதீர்கள். அசல் தோலில் அப்படிப் படலம் படலமாக உரிந்து அடியில் துணி தெரியாது.

ஒளி ஊடுருவும் கவருக்குள் ஈரம் பட்டதுபோல் வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்று புகார் சொல்வார்கள். இது தண்ணீர் அல்ல. வழவழப்பான கவர் கைபேசியின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் இடம். இதைத் தவிர்க்கத்தான் பல கவர்களின் உட்புறத்தில் நுண்ணிய புள்ளிகள் வைக்கிறார்கள். வாரண்டிக்குப் போகும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, சில கவர்களின் பெட்டியில் எழுதியிருக்கும் "ராணுவத் தரம்". மில்-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைத் தொகுப்பு. அதில் வரும் விழுதல் சோதனை, 48 அங்குலம், அதாவது சுமார் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போட்டுப் பார்ப்பது. விழும் தளம் பெரும்பாலும் கான்கிரீட்டின் மேல் வைத்த ஒட்டுப்பலகை. இந்தச் சான்றை வழங்கும் தனி அரசு அமைப்பு எதுவும் இல்லை, நிறுவனங்களே சோதித்துச் சொல்லிக்கொள்கின்றன. ஆகவே ஓடும் வண்டியிலிருந்து தார்ச்சாலையில் விழுந்து கைபேசித் திரை போனால், அந்த எழுத்தை வைத்துத் திரைக்கான செலவைக் கேட்பது கடினம். கவர் வாரண்டி கவருக்குத்தான். கைபேசிக்கும் சேர்த்துத் தருவதாக எழுத்தில் இருந்தால் மட்டும் அதைக் கேளுங்கள்.

மறுப்புக்குப் பதில் எழுதும்போது, "எந்த வாரண்டி விதியின்படி மறுக்கிறீர்கள், அந்த வரியை அப்படியே அனுப்புங்கள்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். முதலில் பதில் தருபவர் ஆயத்தப் பதிலை ஒட்டுகிறார். இந்தக் கேள்விக்கு ஆயத்தப் பதில் இல்லாததால், புகார் அவருடைய மேலாளரிடம் போகிறது.

சிக்கல்: பழைய கவரை எடுத்துப் போக ஆள் வருவதாகச் சொன்னார்கள், யாரும் வரவில்லை

வடசென்னையில் இதற்குப் பெரிய காரணம் முகவரி. ஒரே வாசலுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. ஒரே பெயரில் தெரு, குறுக்குத் தெரு, சந்து மூன்றும் இருக்கும். வாரியக் குடியிருப்பில் பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் இடம் மாறினால் ஆள் வேறு மாடியில் போய் நிற்பார். கூரியர் செயலியில் "வாடிக்கையாளர் இல்லை" என்று இரண்டு மூன்று முறை பதிவானால், திரும்பப் பெறும் கோரிக்கை தானாகவே ரத்தாகிவிடும்.

ஆகவே முகவரியைத் திருத்தி எழுதுங்கள்: புதிய எண், அதற்குப் பக்கத்தில் பழைய எண், மாடி, தெரு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கோயிலோ பள்ளியோ, பிறகு பின்கோடு. பின்கோடில் ஓர் எண் மாறினாலும் பொருள் வேறு கிளைக்குப் போய்விடும்: ராயபுரத்துக்கு 600013, தண்டையார்பேட்டைக்கு 600081, திருவொற்றியூருக்கு 600019, வியாசர்பாடிக்கு 600039. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள், எந்த வழியாக வந்தால் எளிது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். வெயிலில் அலைகிற அந்தக் கூரியர் பையனுக்கும் அது உதவி.

நீங்களே அனுப்ப வேண்டும் என்று நிறுவனம் சொன்னால், செலவை யார் ஏற்பது என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவரை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் ஒரு காணொளி எடுத்துவிடுங்கள். "காலி உறை வந்தது" என்ற பதில் வந்தால் அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

சிக்கல்: பணம் திருப்பி அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், கணக்கில் வரவில்லை

அனுப்பிய பரிவர்த்தனையின் குறிப்பு எண்ணைக் கேளுங்கள், யு.பி.ஐ. என்றால் அது 12 இலக்க எண். அந்த எண்ணைக் கொண்டு உங்கள் வங்கிக் கிளையில் கேட்டால், பணம் வந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்லிவிடுவார்கள். சில நேரம் பணம் கணக்குக்கு வராமல் விற்பனைத் தளத்தின் வாலட்டில் விழுந்திருக்கும், அதையும் பாருங்கள்.

சிக்கல்: எல்லாம் செய்து பார்த்தும் பதில் இல்லை

ஒரு மாதம் காத்திருந்தும் தீர்வு இல்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்கிற அமைப்பு அல்ல. ஆனால் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் கேட்பார்கள். மாதக்கணக்கில் வாய் திறக்காத நிறுவனம் இந்த வழியில் வந்த புகாருக்குப் பதில் எழுதியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மேலே சொன்ன, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் தரலாம் என்பது பெரிய வசதி. நிறுவனம் டெல்லியில் இருந்தாலும், தண்டையார்பேட்டையில் இருப்பவர் சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். குறை உண்டான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கவருக்கு இத்தனை தூரம் போவதா என்று வீட்டில் கேட்பார்கள். அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். போவதானால், அதற்கு முன் ஒரு நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, பதிலுக்கு 15 நாள் அவகாசம் கொடுங்கள். எங்களிடம் வந்தவர்களில் சிலருக்கு அந்த நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே மாற்றுக் கவர் வந்துவிட்டது.

அதுவரை பழைய கவரை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பில்லோடு சேர்த்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பழுது தயாரிப்பால் வந்ததா என்று பார்வையால் சொல்ல முடியாதபோது, பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு; அப்போது கேட்கப்படுவது அந்தக் கவர்தான்.